ஏழாம் எண் ஆணி

அந்தக் கடல்முனைக்குப் போவதென்றால் மதியம் மூன்று மணிக்கு மேல் போங்கள். பழைய செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள், புதுச் செருப்பு பாறையில் வழுக்கும். வாசலிலிருந்து நுனிவரை முக்கால் மணி நேர நடை. முதலில் முட்புதர்கள், காற்று அடித்து அடித்து எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பிறகு வெறும் கரும்பாறைதான். நடுவே ஓரிடத்தில் பாறைக்குள் ஒரு துளை இருக்கிறது. கீழே அலை மோதினால் மேலே ஆளுயரத்துக்குத் தண்ணீர் பீறிடும். அங்கே போன யாரும் நனையாமல் திரும்பியதில்லை. நனைந்ததற்காக யாரும் வருத்தப்பட்டதும் இல்லை.

நான் அந்த வாசலில் பகல் காவலாளி. பதினெட்டு வருடம். சொல்லும்போது அது ஒரு வேலை மாதிரியே தெரியாது. என் மைத்துனர் இன்றைக்கும் "உக்காந்து சம்பளம் வாங்குற மனுஷன்" என்றுதான் என்னை அறிமுகம் செய்வார். அறையில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு ஜன்னல், சுவரில் ஒரு பலகை. பலகையில் நாற்பது ஆணிகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பித்தளை டோக்கன். டோக்கனோடு கயிற்றில் ஒரு விசிலும் இருக்கும். உள்ளே போகிறவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஆபத்து என்றால் மூன்று முறை ஊத வேண்டும். திரும்பும்போது டோக்கனைக் கொடுத்தால் நான் அதன் ஆணியில் மாட்டுவேன்.

ஐந்தரைக்கு இரவுக் காவலாளி வருவார். பலகையைப் பார்ப்பார். நாற்பதும் இருந்தால் சாவியை வாங்கிக்கொள்வார், நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் நான் நகரக் கூடாது. அதுதான் விதி. நல்ல விதி, நான் குறை சொல்லவில்லை.

வாத்தியாரைப் பற்றியும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஓய்வு பெற்றவர், தனி ஆள். பதினோரு வருடமாகத் தினமும் வந்தார். மழை பெய்தால் குடையோடு வருவார். அவருக்கு ஏழாம் எண் ராசி. வேறு டோக்கனைக் கொடுத்தால் குழந்தை மாதிரி முகம் சுருங்கும். முனையின் தெற்குச் சரிவில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, மேசை மாதிரி ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. வாசலிலிருந்து அரை மணி நேரம். அங்கே உட்கார்ந்தால் எதிர்ச் சுவரில் கடற்பறவைகளின் கூடுகள் தெரியும். எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எது பறந்தது, எது விழுந்தது, எல்லாம் ஒரு நோட்டில் எழுதுவார். விழுந்ததைச் சொல்லும்போது குரல் கம்மும். அப்படிப்பட்ட மனுஷர்.

ஆனால் ஐந்தரைக்கு வர மாட்டார். ஆறு, ஆறேகால், சில நாள் ஏழு. தூரத்தில் கையை ஆட்டிக்கொண்டே வருவார்.

"அஞ்சு நிமிஷம் பிந்திருச்சு தம்பி, மன்னிச்சிருங்க."

"பரவாயில்ல சார்."

"வீட்டுல யாரு காத்திருக்கா, ஓடிப் போக?"

தன் வீட்டைத்தான் சொன்னார். என் வீட்டில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மகள் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க, நான் வீடு சேரும்போது அவள் பாடம் முடித்திருப்பாள், சாப்பிட்டிருப்பாள், பாதி நாள் தூங்கியிருப்பாள். பிறகு கல்யாணம் ஆகி வெகுதூரம் போய்விட்டாள். என் மனைவி கதவைத் திறக்கும்போது தினமும் ஒரே கேள்விதான் கேட்பாள்: "விட்டுட்டாரா உங்க வாத்தியார்?" முதலில் கிண்டலாகத்தான் கேட்டாள். நாளாக ஆக அவளுக்கும் அலுத்துவிட்டது, எனக்கும் அலுத்துவிட்டது. ஆனாலும் கேட்பதை அவள் விடவில்லை.

அந்த அலுப்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கோபம் இல்லை. கோபம் வந்திருந்தால் ஒரு நாள் கத்தியிருப்பேன், அவரும் திருந்தியிருப்பார், இரண்டு பேரும் டீ குடித்திருப்போம். இது வேறு. நாற்பது ஆணியில் ஒன்று காலியாக இருக்கும். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

டோக்கன் தொலைந்தால் என்ன செய்வது என்ற யோசனை எனக்கு எப்போதும் உண்டு. அதனால் கடைத்தெருவில் சாவி செய்கிறவரிடம் ஏழாம் எண்ணுக்கு ஒரு நகல் செய்து வாங்கி, கயிறும் விசிலும் கோத்து, மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன். முன்ஜாக்கிரதைதான். அதை நான் பயன்படுத்தவே இல்லை. மாலையில் காத்திருக்கும்போது இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன். மனசு கொஞ்சம் லேசாகும்.

இனி அன்றைய நாள். மகள் கைக்குழந்தையோடு ரயிலில் எங்கள் ஊர் வழியாகப் போகிறாள், ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை வீட்டில் இருப்பாள் என்று ஏற்பாடு. பேரனை நான் அதுவரை பார்த்ததில்லை. வாத்தியார் வந்ததும் சொன்னேன்.

"சார், இன்னைக்கு மட்டும் அஞ்சரைக்குள்ள வந்துருங்க. பேரன் வர்றான்."

"அடடே, முன்னாடியே சொல்லக் கூடாதா? அஞ்சு மணிக்கே வந்து நிக்கிறேன் பாருங்க. எனக்கும் இன்னைக்குக் குஞ்சு பொரிக்கிற நாள்தான்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவரோடு நான் மனதாரச் சிரித்த கடைசி நாள் அதுதான்.

அன்று மொத்தம் ஒன்பது பேர் உள்ளே போனார்கள். ஐந்து மணிக்குள் எட்டுப் பேர் திரும்பிவிட்டார்கள். ஐந்து பத்துக்கு விசில் சத்தம் கேட்டது. மூன்று முறை. கடற்பறவையும் அப்படிக் கத்தும் என்று முதல் நாள் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். கத்தும்தான். ஆனால் எண்ணி மூன்று முறை கத்தாது. ஐந்தேகாலுக்கு மறுபடி மூன்று. தெற்குப் பக்கத்திலிருந்து வந்தது. தட்டைப் பாறைக்கு இறங்கும் இடத்தில் கால் சறுக்கியிருக்க வேண்டும் என்று அப்போதே தெரிந்தது. உங்கள் மருத்துவர் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். நான் நினைத்தது சரிதான்.

ஏழு நாற்பதுக்கு அலை உச்சத்துக்கு வரும். அந்தப் பாறை அதற்கு முன்பே மூழ்கிவிடும். அந்தக் கால அட்டவணையைத் தினமும் வாசலில் ஒட்டுகிறவன் நான்தான்.

மேசையில் தொலைபேசி இருந்தது. கூப்பிட்டால் மீட்புப் படகு இருபது நிமிடத்தில் வரும். ஆனால் கூப்பிட்டவன் இருக்க வேண்டும். இடம் காட்ட வேண்டும், அறிக்கை எழுத வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். முன்பு ஒரு புகைப்படக்காரர் விழுந்தபோது நான் வீடு போய்ச் சேர மணி பத்து. பேரன் எட்டு மணிக்குப் போய்விடுவான். நான் இழுப்பறையைத் திறந்தேன். நகல் டோக்கனை எடுத்து ஏழாம் ஆணியில் மாட்டினேன். பலகை நிறைந்துவிட்டது. அப்படி நிறைந்து, நேரத்துக்கு நிறைந்து, நான் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது. விசில் பிறகு நின்றுவிட்டது என்றும் உங்களிடம் சொன்னேன். அது பொய். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

இரவுக் காவலாளி வந்தார். வந்ததும் ரேடியோவைப் போடுகிற பழக்கம் அவருக்கு. பலகையைப் பார்த்தார். "என்ன அதிசயம், ஏழு வந்துருச்சா" என்றார். வந்துவிட்டது என்றேன். அவரை நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டாம், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. இருட்டும் நேரத்தில் காற்று திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். ஜன்னல் திறந்திருந்தாலும் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

ஐந்து ஐம்பத்தைந்துக்கு வீட்டில் இருந்தேன். மனைவி கதவைத் திறந்தாள். மகள் அப்போதுதான் போன் செய்தாளாம். குழந்தைக்குச் சளியாம், பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டார்களாம்.

"நீங்க நேரத்துக்கு வந்த அன்னைக்குப் பாருங்க, அவ வரல" என்றாள் மனைவி. பிறகு, "இன்னைக்குச் சீக்கிரமே விட்டுட்டாரா?" என்றாள்.

"ஆமா."

அப்போது மணி ஆறு. அலை ஏற இன்னும் நேரம் இருந்தது. தெருமுனைக் கடையில் போன் இருக்கிறது, பேர் சொல்லாமல்கூடப் பேசியிருக்கலாம். அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் ஆளைக் கரைக்குக் கொண்டுவந்தால் கழுத்தில் ஏழாம் எண் இருக்கும், பலகையிலும் ஏழாம் எண் இருக்கும். அதை யாரிடம் எப்படி விளக்குவது? அந்த நேரத்துக்கு விளக்கம் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. கை கால் கழுவினேன். மனைவி பேரனுக்காக வாங்கி வைத்த பழத்தை நறுக்கிக் கொடுத்தாள். சாப்பிட்டேன். அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் வேலைக்குப் போனேன். நகலை அப்படியே விட்டுவிட்டேன், எடுத்தால் ஆணி காலியாகத் தெரியும். மூன்றாம் நாள் மீன்பிடிப் படகுக்காரர்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். நீங்கள் இரண்டு டோக்கன்களையும் என் முன்னால் மேசையில் வைத்தீர்கள். ஒன்று கழுத்தில் கிடந்து தேய்ந்தது, ஒன்று புதுசு. எனக்கு அழுகை வந்தது. நீங்கள் அதைக் குற்ற உணர்ச்சி என்று எழுதிக்கொண்டீர்கள். இருக்கலாம். அவர் எனக்கு வேண்டியவர், ஐயா.

நான் எதையும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பதை மட்டும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். அன்று பேரனைப் பார்க்கும் அவசரம், பதினோரு வருட அலுப்பு, அவ்வளவுதான்.

மகள் வருகிறேன் என்று சொன்னது போன வாரம்தான், நகல் செய்தது ஏழு மாதத்துக்கு முன்னால் என்கிறீர்கள். சாவி செய்கிறவரும் வாக்குமூலம் கொடுத்திருக்கிறாராம். "தொலையும்னு பயம்னா நாப்பதையும் செஞ்சு வெச்சுக்கலாமே, ஏன் ஏழு மட்டும்?" என்று அன்றைக்கே என்னைக் கேட்டாராம். கேட்டார், உண்மைதான். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்ல முடியும். மற்ற முப்பத்தொன்பது பேரும் நேரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள்.