எட்டடி ஆழத்துக் கெளுத்தி

...சரி, கல்யாணப் பந்தியில இருந்து சாம்பார் வாசனை இங்க வரைக்கும் வருது. எல்லாரும் என்னைய பாக்கிற பார்வையே சரியில்ல! ஒரே ஒரு சின்னக் கதை. அதச் சொல்லிட்டு எறங்கிடுதேன். கதைன்னு சொன்னாலும் நடந்ததுதான். அதோ, மூணாவது வரிசையில நீலச்சட்டை போட்டுத் தலையக் குனியுறாரே... எங்க சகலை இசக்கியப்பன். அவரு கதைதான். கோவிச்சுக்கிட்டா சாப்பாட்டுக்கு அப்புறம் பாத்துக்கலாம்!

இவரு டெய்லர். பக்கத்துல யாரு? எங்க கொழுந்தியா வடிவு. ஆத்தங்கரையிலயே பொறந்து வளந்த பொண்ணு. போன பங்குனியில அதுக்கு டைபாய்டு. பதினஞ்சு நாளு படுக்கை. காய்ச்சல் விட்டுருச்சு, டாக்டரும் எது வேணும்னாலும் சாப்பிடலாம்னுட்டாரு. ஆனா சாப்பிடணுமே! கஞ்சி வச்சாக் கசக்குங்கும். இட்லிய வச்சா முகத்தத் திருப்பிக்கும். கையெல்லாம் குச்சி மாதிரி ஆயிருச்சு. மனுசன் ஆடிப்போயிட்டாரு. பயந்துட்டாரு, உண்மையச் சொல்லுதேன்.

ஒரு நாளு அதுவே வாயத் தொறந்து சொல்லுச்சு. “ஆத்துக் கெளுத்தியில கொழம்பு வச்சா ரெண்டு வாய் சாப்பிடுவேன்.”

அவ்ளோதான்! மார்க்கெட்டுக்கு ஓடுனாரு. வாங்கிட்டு வந்து கொழம்பும் வச்சாச்சு. வடிவு ஒரு வாய் வச்சுது... “இது கொளத்து மீனு.” தட்ட நகட்டிருச்சு!

சரி, நாமளே பிடிச்சிருவோம்னு கெளம்பிட்டாரு. புதுத் தூண்டில், புது நரம்பு, செவப்புத் தக்கை. போன்ல விடியோ பாத்தாரு. யாரோ ஒருத்தன் சொன்னானாம், முள்ளுக்கும் தக்கைக்கும் ரெண்டடி இருக்கணும்னு. அப்பிடியே கட்டுனாரு. மொத நாளு மண்புழு. ஒண்ணுமில்ல. ரெண்டாம் நாளு பரோட்டா மாவு. ஒண்ணுமில்ல. மூணாம் நாளு கோழிக்குடலு, அதுக்கு மேல எறா! நானே அவ்ளோ பெரிய எறா சாப்பிட்டதில்லங்க, மீனுக்குக் கொண்டு போறாரு. அதுவும் தொடல. தக்கை பாட்டுக்கு ஜம்முனு மெதக்குது.

மூணாம் நாளு சாயங்காலம்... பின்னால ஆள் வார சத்தம். திரும்பிப் பாத்தா வடிவு! ரெண்டு தெரு தாண்டி, நின்னு நின்னு நடந்து வந்திருக்கு.

“ஏ, ஒடம்புக்கு முடியாதவ எதுக்கு வந்த?”

“மூணு நாளா ஆத்துக்குப் போறிய. மீனப் பாக்கத்தான் போறியளா, வேற யாரையும் பாக்கப் போறியளான்னு பாக்க வந்தேன்.”

பேச்சு மட்டும் கொறையல! கரையில உக்காந்து தக்கையப் பாத்துச்சு.

“எவ்ளோ ஆழத்துல கட்டிருக்கிய?”

“ரெண்டடி.”

“யாரு சொன்னா?”

“போன்ல ஒருத்தன்...”

“அவன் இந்தத் தண்ணியப் பாத்திருக்கானா? பங்குனி வெயில்ல கெளுத்தி மேல வந்து நிக்குமா? அடியில குளுச்சியில கெடக்கும்.” அதோட விடல. “ஏங்க, கடைக்கு ஒருத்தன் சட்டை தைக்க வந்தா, அளக்காம கத்திரிய வைப்பியளா?”

அப்பவும் டெய்லரு கழுத்துல டேப்பு தொங்குதுங்க!

வடிவு தூண்டில வாங்குச்சு. ஆழம் பாக்கக் கடைச் சாவியக் கேட்டு வாங்கி முள்ளுல கட்டி உள்ள விட்டுது. கனத்துல தக்கையும் சேந்து முங்கிருச்சு. தக்கைய மேல தள்ளி மறுபடி விட்டுது. முங்குது. இன்னும் தள்ளி... இன்னும் தள்ளி... கடைசியா சாவி அடித்தரையில தட்டவும் தக்கை தலைய நீட்டுச்சு. சகலை டேப்ப வச்சு அளக்காரு. ஒரு டேப்பு அஞ்சடி, பத்தல. மறுபடி வச்சா மூணடி. மொத்தம் எட்டடி! இரை அங்க தொங்கணும். இவரு ரெண்டடியில தொங்கவிட்டு எறாவ மாத்திக்கிட்டு இருந்திருக்காரு.

சாவிய அவுத்துட்டு, இரை தரைக்குக் கொஞ்சம் மேல நிக்கட்டும்னு தக்கைய ஒரு சாண் எறக்குச்சு. பழைய மண்புழுதான், அதையே கோத்துப் போட்டுது. கொஞ்ச நேரம்... தக்கை சடார்னு உள்ள போச்சு! இழுத்தா நல்ல கெளுத்தி. சந்தோசத்துல சகலை ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சாரு. கெளுத்தி சும்மா விடுமா? அதோட முள்ளு விரல்ல ஏறிருச்சு. “அய்யோ அம்மா”ன்னு குதிக்காரு, மீன மட்டும் விடல! வடிவு சிரிச்சுது... அத்தன நாளைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் அந்தப் புள்ள சிரிச்சுது.

ராத்திரி கட்டுப்போட்ட கையோட இவருதான் கொழம்பு வச்சாரு. உப்பு தூக்கல். ரெண்டு வாய் சாப்பிடுதேன்னு சொன்ன புள்ள, ரெண்டு தடவ சோறு வாங்கித் தட்ட வழிச்சுது.

இத ஏன் இங்க சொல்லுதேன்? மாப்பிள்ள மாரிச்செல்வம், ஒங்களுக்குத்தான்! எங்க சகலை ஆத்தங்கரைப் பொண்ணக் கட்டிப் பதினோரு வருசம். கெளுத்திக்காக மார்க்கெட்டுக்கு ஓடுனாரு, போன்கிட்ட கேட்டாரு... வீட்டுல இருந்த ஆளக் கேக்கல. நாமளும் அப்பிடித்தானே? சேலை வாங்குவோம், அல்வா வாங்குவோம், அப்புறமும் மூஞ்சியத் தூக்குதாளேன்னு பொலம்புவோம். வாங்குனதுல குத்தம் இல்லங்க. அவங்க மனசு எட்டடியில கெடக்கு, நாம ரெண்டடியிலயே நிக்கோம். கேக்கறதுதான் அளக்கறது. அதுவும் நேத்து அளந்தது இன்னைக்கு ஆகாது, ஆத்துல தண்ணி ஏறும், எறங்கும். கல்யாணப்பொண்ணு கோமதி, சிரிக்காத தாயி, இது ஒனக்கும் சேத்துத்தான்!

மாப்பிள்ள, இப்பவே ஆரம்பிங்க. பக்கத்துல இருக்கிற புள்ள நாலு மணிக்கு எந்திரிச்சு உக்காந்திருக்கு. ஏதாவது சாப்பிட்டியான்னு கேட்டியளா?... முழிக்காரு பாருங்க! இப்பக் கேளுங்க... ம்... என்ன சொல்லுது?... காலையில இருந்து அரை டம்ளர் காப்பியா!

போதும்யா, பேச்ச முடிச்சுட்டேன். மொத எலைய அந்தப் புள்ளைக்குப் போடுங்க!