எங்க ஊரு வளையல்

வளையல் போடுகிறவன் கையைப் பார்க்கக் கூடாது, ஐயா. முகத்தைப் பார்க்க வேண்டும். விரல்களைக் கூட்டிப் பிடித்து, ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே மெல்லத் தள்ளினால், வளையல் தானாக எலும்பைத் தாண்டிவிடும். வலித்ததா என்று கேட்டால், அதற்குள் போட்டுவிட்டீர்களா என்பார்கள். போன வாரம் உங்கள் வீட்டம்மாவின் வளைகாப்புக்கும் நான்தான் வந்து போட்டேன். நீங்கள் அப்போது ஸ்டேஷனில் இருந்தீர்கள். இன்ஸ்பெக்டர் வீடாயிற்றே என்று நான் தயங்கவில்லை.

ஹட்டன் கடைவீதியில் வளையல் விற்கிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆனால் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இந்த அழகையாவிடம்தான் வருவார்கள். என் வளையல்கள் மதுரையில் மீனாட்சியம்மன் பாதத்தில் வைத்து எடுத்தவை. அப்படித்தான் நான் சொல்வது. உண்மையில் அவை கொழும்பில் மொத்தக் கடையிலிருந்து பெட்டிபெட்டியாக ரயிலில் வரும். கொழும்புக்கு எங்கிருந்து வருகின்றன என்று நான் கேட்டதில்லை.

மீனம்மா என்று ஒரு கொழுந்துக்காரி, தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அவளுக்குப் பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்கவில்லை. கடைசியில் என்னிடம் வந்து பச்சை வளையல் போட்டுக்கொண்டாள். அந்தப் பிள்ளை தங்கிவிட்டது. அதிலிருந்து டவுனுக்கு வரும்போதெல்லாம் பிள்ளையைக் கொண்டுவந்து என் காலடியில் கிடத்தி எடுப்பாள். இதெல்லாம் எதற்கு என்பேன். ஆனால், மறைப்பானேன், எனக்கு அது பிடித்திருந்தது.

மாசி மாதத்தில் அந்த வெள்ளைக்காரர் வந்தார். செக் நாட்டுக்காரர், பெயர் ஓட்டாகர். நல்ல உயரம், கழுத்தும் நீளம். கடைவீதி முழுக்க அவரை ஒட்டகத் துரை என்று கூப்பிட ஆரம்பித்தது. ஒட்டகம் என்றால் என்னவென்று தெரிந்த பிறகும் அவர் கோபப்படவில்லை. கழுத்தை இன்னும் நீட்டிக் காட்டிச் சிரித்தார். தன் நாட்டின் பாட்டையும் கைவேலையையும் உலகத்துக்குக் காட்ட அவர்கள் ஊர்ச் சங்கம் ஒன்று அவரை அனுப்பியிருந்தது. என் கடை மாடியை வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி வைத்தார். நூலில் ஆடும் மரப் பொம்மைகள், பாலங்களின் படங்கள், கிராமபோன், கண்ணாடிச் சாமான்கள். அவர் இங்கிலீஷில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். சாயங்காலங்களில் என்னிடமே தமிழும் படித்தார். வாங்க, பாருங்க, பயப்படாதீங்க, நேரா போங்க. கூட்டத்தை மாடிப்படியில் ஏற்றி, நேராகப் பொம்மைகளிடம் அனுப்ப அவருக்கு அந்தச் சொற்கள் தேவைப்பட்டன.

நல்ல மனிதர். அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனம்மா மாடிக்கு வந்தாள். கண்ணாடிப் பெட்டியில் இருந்த வளையல்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"மொதலாளி, இது நம்ம அம்மன் வளையலு மாதிரியே இருக்குங்களே."

ஓட்டாகர் அவள் கையைப் பார்த்தார். உடனே அவர் முகம் மாறியது. அந்தப் பச்சை வளையல்கள் அவருடைய ஊரில் செய்தவையாம். ஊரே கண்ணாடி வேலைதானாம். அவருடைய அம்மா அடுப்படியில் உட்கார்ந்து இவற்றைக் கோத்துக் கட்டுவாராம். "என் அம்மா தொட்டது கடல் தாண்டி இவள் கைக்கு வந்திருக்கிறது. அவளிடம் சொல்லுங்கள்" என்றார். கண் கலங்கியிருந்தது.

"தொரை என்னா சொல்றாருங்க?" என்று மீனம்மா கேட்டாள்.

"ஒன் கைக்கு வளையலு ரொம்ப லச்சணமா இருக்காம்."

அவள் வெட்கப்பட்டு இறங்கிப் போனாள். ஓட்டாகர் அவள் போன படியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முட்டாள் இல்லை. நுவரெலியாவில் அடுத்த கண்காட்சியைத் தொடங்கும்போது தமிழில் தானே பேசப்போவதாக அன்று சொன்னார். தோட்டங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பி, மீனம்மாவையும் அழைத்து வரவேண்டுமாம்.

அன்றிலிருந்து ஒரே வாக்கியத்தைத்தான் பழகினார். "இந்த வளையல் எங்க ஊரு பொம்பளைங்க செஞ்சது." என்னிடமே திருத்தம் கேட்டார். 'ழ' வரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இதில் 'ழ'வே இல்லை, 'ள'தான் என்று நான் நாக்கை மடித்துக் காட்டினேன். அப்படியெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

நீங்களே யோசியுங்கள், ஐயா. மீனம்மா அதைக் கேட்டால் என்ன ஆவாள்? அவள் பிள்ளையைக் காப்பாற்றியது யார் என்று நினைப்பாள்? ஒரு தாயின் நம்பிக்கையை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

பங்குனி பிறந்ததும் பேப்பரில் செய்தி வந்தது. ஜெர்மன்காரப் பட்டாளம் அவர் நாட்டுத் தலைநகருக்குள் புகுந்துவிட்டது. அப்படி ஒரு நாடு இனி இல்லை என்று எழுதியிருந்தார்கள். ஓட்டாகர் பொம்மைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கண்ணாடிச் சாமான்களைத் துடைக்க ஆரம்பித்தார். இனிமேல்தான் கட்டாயம் காட்ட வேண்டும் என்றார். துடைத்த ஒவ்வொன்றையும் வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தோன்றியது: இவரைக் காணோம் என்று கேட்க இனி ஒரு நாடும் இல்லை.

நுவரெலியாவுக்குப் போகும் முன் உலக முடிவு என்கிற மலை விளிம்பைப் பார்த்துவிடலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துவிட்டது. ரயிலில் போய்ப் பட்டிப்பொலயில் இறங்கி நடந்தோம். விடியும்போதே போய்விட்டால் வானம் தெளிவாக இருக்கும். அதனால் பிந்திய ரயிலைத்தான் நான் பார்த்து வைத்திருந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி ஏறிவிட்டது. புல் தெரிந்தது, அப்புறம் வெள்ளை. நிலம் எங்கே முடிகிறது என்று தெரிந்தவனுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியும்.

அவர் முன்னால் நடந்தார். வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே போனார். சுத்தமாக வந்துவிட்டது. ஓரிடத்தில் நின்று, "அழகையா, நேராவா?" என்று தமிழிலேயே கேட்டார்.

"நேரா போங்க, தொரை. பயப்படாதீங்க."

ஒரு கல் உருண்டது. வேறு சத்தம் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ரயிலுக்குத் திரும்பினேன்.

ஊருக்குப் போய்விட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். எந்த ஊருக்கு என்று நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். அது கெட்டிக்காரத்தனமான கேள்வி. நான் அவரைத் தொடவில்லை, ஐயா. பேச்சுத்தான் கொடுத்தேன். ஆனாலும் கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர் சாக வேண்டும் என்றுதான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. அவருடைய கண்ணாடிப் பெட்டியில் இருந்த வளையல்கள் எங்கே என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டம்மாவுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் இருப்பதிலேயே நல்லதாகத் தேடி, அந்தப் பெட்டியிலிருந்து எடுத்தேன். மீனாட்சியின் பாதத்தில் வைத்தது என்று சொன்னதும் அந்தப் பெண் கண்ணில் ஒற்றிக்கொண்டது. இப்போது கோபத்தில் போய்க் கழற்றச் சொல்லிவிடாதீர்கள், பிரசவம் வரைக்கும் அது கையில் இருக்க வேண்டும். பயப்படாதீங்க, ஐயா. என் கையால் போட்டது, ஒரு குறையும் வராது.