தாளில் இல்லாத பேர்

— நல்லாப் பாருங்கக்கா. இந்த வார ஜெபக் குறிப்புல முப்பத்தொரு பேர். உங்க மகன் பேரே இதுல இல்ல. இல்லாததை நான் எங்கிருந்து எடுக்கிறது?

— விளையாடாதீங்க தம்பி. இதுல இருந்து எடுத்து, நன்றி சொல்ற ஸ்தோத்திரக் குறிப்புல போடுங்கன்னு சொல்லத்தான் வந்தேன். அவன் குடியை விட்டுப் பதினாலு மாசம் ஆச்சு. ரொட்டிக் கடையில வேலை. யாரும் எழுப்பாம அவனே எழுந்து போறான். இதை நம்புறதுக்கே எனக்கு ஒரு வருஷம் பிடிச்சுது.

— சந்தோஷம்க்கா, மனசாரச் சொல்றேன். ஆனா பாருங்க, டைப் அடிக்கிறவன் நான். அந்தப் பேரை எடுத்து மூணு வருஷம் ஆச்சு.

— யாரு எடுக்கச் சொன்னா?

— சபையை நடத்துற மூப்பருங்கதான். பேர் வாசிக்கிறவரு நம்ம தையல்காரரு. உங்க மகன் குடிச்சிட்டு வண்டியை மோதினதுலதானே அவருக்குக் கால் போச்சு. அவர் வாயாலயே அந்தப் பேரை வாசிக்க வைக்கிறது பாவம்னாங்க. உங்ககிட்ட சொல்ல எனக்குத்தான் நாக்கு எழும்பல.

— அப்போ வாராவாரம் நான் கேட்டது என்ன? கடைசி பெஞ்சுல குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். எல்லாப் பேரும் முடிஞ்சதும் என் பிள்ளை பேரு வரும். ஒரு ஞாயிறுகூடத் தவறினதில்ல.

— அந்த நேரம் நான் வெளிய வண்டிங்களை ஒழுங்குபடுத்திக்கிட்டு இருப்பேனே. ஓ, அதுக்குத்தான் மூப்பரு ‘இன்னும் எடுக்கலையாய்யா’ன்னு ரெண்டு தடவை என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினாரா. இதோ, தையல்காரரே வர்றாரு, பட்டியலை வாங்கிட்டுப் போக. வாங்கண்ணே, படி பாத்து.

— படி பழகிடுச்சுய்யா. என்ன தங்கச்சி, என்னைப் பாத்ததும் எழுந்துட்டீங்க? உக்காருங்க.

— உங்க முகத்தைப் பாத்துப் பேச மூணு வருஷமா எனக்குத் தைரியம் வரலண்ணே. தாள்ல இல்லாத பேரை ஏன் வாசிச்சீங்க? அவன் பொழைச்சிட்டாண்ணே. எல்லாம் உங்க ஜெபம்.

— என்னை நல்லவனாக்கிடாதீங்க. பேரை எடுத்துட்டாங்கன்னதும் எனக்குக் கோபம்தான் வந்துச்சு. அவ்வளவு லேசா விட்டுடறதா அவனை? என் கால் போன மாதிரி அவன் காலும் போகணும்னுதான் ஆண்டவர்கிட்ட கேட்டேன். சபை நடுவுல அதைச் சொல்ல முடியுமா? பேரை மட்டும் வாசிச்சேன்.

— அதுக்கா நாங்க அத்தனை பேரும் ஆமென் சொன்னோம்?

— அங்கதான் மாட்டிக்கிட்டேன். நான் ஒண்ணு கேக்க, நீங்க இருநூறு பேரும் வேற ஒண்ணுக்கு ஆமென் சொல்றீங்க. அதுல உங்க குரல் மட்டும் கடைசி பெஞ்சுல இருந்து தனியா வரும். எத்தனை வாரம்தான் தாங்குவேன்? ஒரு நாள் பேரை வாசிக்கிறேன், கேக்க நினைச்சது வரவே இல்ல. ‘இந்தப் பிள்ளை நல்லா இருக்கட்டும்’னு வந்துச்சு. அன்னிக்கு வீட்டுக்குப் போய் ரொம்ப நாள் கழிச்சு வயிறாரச் சாப்பிட்டேன்.

— அழாதீங்கக்கா. ஸ்தோத்திரக் குறிப்புல முதல் வரியா உங்க மகன் பேரை அடிச்சிடட்டுமா?

— அடிய்யா. அதுக்குக் கீழேயே இந்தத் தையல்காரன் பேரையும் சேத்துடு. தனக்கே தெரியாம இந்தச் சபை எனக்காகத்தான் ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்துச்சு.