சிவப்புப் பிடி

— "தரையிறங்குவதற்கு ஒரு நிமிடம் முன்னர், எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் சிவப்புப் பிடியை நான் முழுவதுமாக உள்ளே தள்ளினேன். அதனால் நேர்ந்த விபத்துக்கும், பின்னிருக்கையில் அமர்ந்திருந்த திருமதி நோரீன் அவர்களின் மரணத்துக்கும் நான் ஒருவனே பொறுப்பு." இதை நீயா எழுதின, ஹார்லன்?

— கீழ வை, டுவைட். பதினொரு மணிக்கு விபத்தை விசாரிக்கற அம்மா வருவாங்க. அவங்களுக்காக எழுதினது.

— பாடப் புத்தகத்தைப் பார்த்து எழுதின மாதிரி இருக்கு. 'திருமதி நோரீன் அவர்களின்.' என் பொண்டாட்டியை நீ என்னைக்குடா அப்படிக் கூப்பிட்ட?

— அரசாங்கத்துக்குப் போற காகிதம். அப்படித்தான் எழுதணும்.

— இன்னும் கையெழுத்துப் போடல போலிருக்கே.

— அவங்க முன்னால போடணும். போட்ட கையோட விமானம் ஓட்டற லைசென்ஸையும் கொடுத்துடுவேன். சரி விடு, நீ எதுக்கு ஊன்றுகோலோட இவ்வளவு தூரம் வந்த? கால் எலும்பு இன்னும் கூடலையே. ஆஸ்பத்திரியில யாரு விட்டாங்க?

— யாரும் விடல. டாக்ஸி பிடிச்சு வந்துட்டேன். காபி இருந்தா ஊத்து.

— காலையில போட்டது. கசக்கும்.

— உன் காபி என்னைக்கு இனிச்சுது? நீயும் உட்காரு. முப்பது வருஷம் வேதியியல் நடத்தினவன் நான். படிப்படியாச் சொன்னாத்தான் மண்டையில ஏறும். அந்தப் பிடியை உள்ள தள்ளினா என்ன ஆகும்?

— உனக்குத் தெரியாதா? நீயும் விமானம் ஓட்டறவன்தானே.

— நான் ஓட்டறது கால்வெஸ்டன்ல, கடலுக்குப் பக்கத்துல. உன் ஓடுபாதை பத்தாயிரம் அடி உசரத்துல கிடக்கு. சொல்லு.

— இங்க காத்து மெலிசு. காத்து குறைஞ்சா பெட்ரோலையும் குறைக்கணும். அதுக்குத்தான் பிடியை வெளிய இழுத்து வைக்கிறது. முழுசா உள்ள தள்ளிட்டா, எஞ்சினுக்குப் பெட்ரோல்லயே மூச்சு முட்டிப்போயிடும். இறங்கிட்டிருக்கும்போது அது தெரியாது. திரும்ப மேல ஏறணும்னு முழு வேகம் கொடுப்போமே, அப்பத்தான் தெரியும்.

— அன்னைக்கு நாம ஏற வேண்டி வந்துச்சு.

— எல்க் மான் கூட்டம் பாதைக்கு நடுவுல வந்து நின்னுடுச்சு. வேகம் கொடுத்தேன். எஞ்சின் இருமிச்சு. என்னன்னு பார்க்கறதுக்குள்ள பைன் மரங்க வந்துடுச்சு. சரி விடு, டுவைட். இதையெல்லாம் நீ மறுபடி கேட்க வேணாம்.

— கேட்டுத்தான் ஆகணும். எங்க ஊர்ல அந்தப் பிடி எப்படி இருக்கும்?

— கடல் மட்டத்துல முழுசா உள்ளதான் இருக்கும். இறங்கறதுக்கு முன்னால எல்லாரும் தள்ளுவாங்க. அங்க அதுதான் பாதுகாப்பு.

— அப்படின்னா இது கீழேயிருந்து வர்றவன் செய்யற தப்பு.

— யாரு வேணாலும் செய்யலாம்.

— நீ செய்வியா? முப்பத்தொரு வருஷமா இந்தப் பாதையில இறங்கறவன் நீ. சமவெளிக்காரங்களை உட்கார வச்சுப் பாடம் நடத்தறவன். உன் பக்கத்து சீட்ல எவன் ஏறினாலும், "சிவப்பைத் தொட்டா விரலை ஒடிச்சிடுவேன்"னு மிரட்டிட்டுத்தானே எஞ்சினையே கிளப்புவ?

— வயசாயிடுச்சு.

— அறுபத்துமூணு ஒரு வயசா? சரி. அப்போ என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. நோரீனைக் கொன்னது நீதானா?

— நான்தான்.

— என்னைப் பாருன்னேன். சுவத்தைப் பார்க்காதே.

— நான்தான், டுவைட். என்னைத் திட்டு. அடிக்கணும்னா அடி. அந்த ஊன்றுகோலை எதுக்கு வச்சிருக்க?

— பதினொரு நாளா உன் மேல கோபப்பட முயற்சி பண்றேன். வரமாட்டேங்குது. இதுல கையெழுத்துப் போட்டா உன் பயிற்சிப் பள்ளி என்ன ஆகும்?

— மூடிடுவேன்.

— விமானம் இல்லாம நீ என்னடா செய்வ?

— குளிர்காலத்துக்குப் பனி தள்ற வண்டி ஓட்ட ஆள் தேடறாங்க. போயிடுவேன்.

— நீயா? உனக்கு ரிவர்ஸ் எடுக்கவே வராதே. எத்தனை வீட்டு வாசல் அஞ்சல்பெட்டியை இடிச்சிருக்க?

— மூணு. நாலாவது தானா விழுந்துச்சு.

— நோரீன் இருந்தா இதுக்குச் சிரிச்சிருப்பா.

— ம்.

— ஹார்லன், நான் இறங்கும்போது ஒண்ணொண்ணா முணுமுணுப்பேன், தெரியும்ல? பெட்ரோல், சக்கரம், கலவை, விசிறின்னு. கலவைன்னா அந்தச் சிவப்புப் பிடிதான். வாய் சொல்லச் சொல்ல கை தானாப் போகும். யாருக்கு ஜெபம் பண்றேன்னு நோரீன் கிண்டல் பண்ணுவா. அன்னைக்கு முணுமுணுத்தேனா?

— இல்ல.

— நல்லா யோசிச்சுச் சொல்லு.

— இல்லேங்கறேன்ல. நீ பேசாம உட்கார்ந்திருந்த. ஏன், உனக்கு ஏதாவது ஞாபகம் வந்துச்சா?

— தலையில பட்ட அடியில கடைசி அஞ்சு நிமிஷம் வெள்ளைக் காகிதமாப் போச்சு.

— அது அப்படியே இருக்கட்டும். தோண்டாதே. டாக்டரும் அதைத்தான் சொன்னார்.

— டாக்டர் சொன்னாரா, இல்ல நீ அவரைச் சொல்ல வச்சியா? சரி, அதை விடு. அன்னைக்கு உன் பக்கத்து சீட்ல ஏறும்போது எனக்கு அந்த மிரட்டலைச் சொன்னியா, விரலை ஒடிப்பேன்னு?

— சொல்லல.

— ஏன்?

— நாப்பது வருஷ சிநேகம், டுவைட். முன்ன பின்ன தெரியாதவனுக்குச் சொல்றதை உனக்குப் போய்ச் சொல்லுவேனா? உன்னை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடுமேன்னு வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிட்டேன். அதுதான் என் தப்பு. அது நிஜமா என் தப்பு.

— அது இந்தக் காகிதத்துல இல்லையே.

— இருக்கறது போதும். கொடு இங்க. வெளிய வண்டி சத்தம் கேட்குது, அவங்க வந்துட்டாங்க.

— நான்தான் வரச் சொன்னேன், கொஞ்சம் முன்னாடியே. விமானத்துலேர்ந்து எடுத்த ஒரு கருவி அவங்ககிட்ட இருக்கு. பெட்ரோல் ஓட்டம் எந்த நேரத்துல கூடிச்சுன்னு அதுல பதிவாகியிருக்கு. ஒன்பது நாப்பத்திரண்டு.

— இருக்கட்டும். அப்பத்தான் தள்ளினேன்.

— நேத்து நோரீனோட பையைக் கொண்டுவந்து கொடுத்தாங்க. கண்ணாடி, கையுறை, போன். அதுல இருக்கற கடைசிப் படமும் ஒன்பது நாப்பத்திரண்டுதான்.

— டுவைட், அதைப் பார்க்காதே. என்கிட்ட கொடுத்துடு.

— பார்த்துட்டேன். ஜன்னலுக்கு வெளிய மலை முழுக்க ஆஸ்பென் மரங்க மஞ்சளா நிக்குது. அவ பார்க்கணும்னு கேட்டு வந்தது அதைத்தானே? உன் வலது கை எனக்கு முன்னால நீண்டு, அவளுக்கு அதைக் காட்டிட்டிருக்கு.

— கெஞ்சிக் கேட்கறேன்டா. கையெழுத்தைப் போட விடு.

— கீழே இன்னொரு கை இருக்கு, ஹார்லன், சிவப்புப் பிடி மேல. அந்த விரல்ல அவ எனக்குப் போட்ட மோதிரம் இருக்கு.