மூன்று அறைகளிலும் கழற்றப்பட்ட பிளக்குகள்

2025.11.14 வெள்ளிக்கிழமை, மு.ப. 9.40.

எனது பெயர் மயில்வாகனம் யதுர்ஷிகா. வயது 29. சொந்த இடம் விசுவமடு. தற்போது கிளிநொச்சி நகரில் வாடகை அறையில் தங்கியிருந்து, கணினி ஆய்வு நிலையமொன்றில் ஆய்வு உதவியாளராக வேலை செய்கிறேன். எங்கள் நிலையத்தின் சுத்திகரிப்புப் பணியாளர் ஜெயரூபி மீது செய்யப்பட்ட முறைப்பாடு தொடர்பாக, எவரும் அழைக்காமல் நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை, ஒரு பகுதி பழுதானாலும் நின்றுவிடாத கணினி முறைகளைப் பற்றிய ஆய்வு மாநாடு எங்கள் நிலையத்தில் நடைபெற்றது. வெளிநாட்டவர் உட்பட அறுபது பேர் வரையில் வந்திருந்தார்கள். மாநாட்டுத் தலைவர் எனது மேற்பார்வையாளரான பேராசிரியர் கதிர்காமநாதன். எனது ஆய்வு, விசுவமடுப் பக்கத்துக் குளமொன்றின் நீர்மட்டத்தை அளந்து, மட்டம் ஏறினால் குளக் காவலாளியின் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் முறையாகும். இரண்டு மாதமாக அவர் அந்தச் செய்தியை நம்பியே குளத்து நீரை வெளியேற்றும் கதவைத் திறந்து வந்தார். ஒரே வேலையை மூன்று கணினிகள் செய்யும். ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் சொல்வது எடுத்துக்கொள்ளப்படும். மூன்றையும் மூன்று அறைகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி மின்னிணைப்பும், மின்சாரம் நின்றாலும் இயங்கத் தனி மின்கலப் பெட்டியும் கொடுத்திருந்தேன். மூன்றும் ஒன்றாக நிற்க வழியே இல்லை என்று கட்டுரையில் எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னர் மழை இருட்டிக்கொண்டு வந்து இடி முழங்கியது. மூன்று இருபதுக்கு நான் மேடையில் நின்று, குளத்தின் நீர்மட்டத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தபோது திரை வெறுமையாகியது. அதன் பின்னர் நான் முதலாவது அறைக்கு ஓடினேன். பிளக் கழற்றப்பட்டு, வயர் சுருட்டி ரப்பர் பட்டி போடப்பட்டு, கணினிக்கு மேல் ஒரு துவாய் விரிக்கப்பட்டிருந்தது. இரண்டாவது அறையிலும் அப்படியே. மூன்றாவது அறையில் ஜெயரூபி அக்கா நின்று வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டேன்.

“இடி முழங்கினாக் கழட்ட வேணும்தானே மிஸ். கழட்டினாப் பிறகும் அந்தப் பெட்டி கீச்சு கீச்செண்டு கத்தினது, அதுதான் அதையும் நிப்பாட்டினனான். உங்கட சாமான் எரிஞ்சு போகாமல் இருக்கட்டும் எண்டுதான்” என்றார்.

அதன் பின்னர் எல்லாவற்றையும் திரும்ப இணைத்து, மூன்றும் ஒத்து வேலை செய்யத் தொடங்குவதற்கிடையில் நாலு மணி தாண்டிவிட்டது. அந்த நேரத்துக்குள் குளம் நிரம்பி, குளக்கட்டின் தாழ்ந்த பக்கத்தால் நீர் பாய்ந்து, விதைத்து ஒரு மாதமான ஆறு ஏக்கர் நெல் மூழ்கியது. எச்சரிக்கை வராதபடியால் ஆபத்தில்லை என்று நினைத்ததாகக் காவலாளி சொன்னார். அப்படி நினைக்கும்படி அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான்.

மறுநாள் அந்த வயல்களின் கமக்காரர் நிலையத்துக்கு வந்து நியாயம் கேட்டபோது, ஜெயரூபி வேண்டுமென்றே கணினிகளைச் செயலிழக்கச் செய்ததாகப் பேராசிரியர் இங்கு முறைப்பாடு செய்தார். அதன் பின்னர் என்னைத் தனது அறைக்கு அழைத்து, “ஆரோ வேணுமெண்டு நிப்பாட்டினதெண்டால் எங்கட முறையில பிழையில்லை. உம்முடைய கட்டுரையும் தப்பும். நீர் பேசாமல் இரும்” என்றார். நான் அன்று பேசாமல்தான் வந்தேன். ஒரு நாள் முழுவதும் பேசாமல் இருந்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன். நேற்றுக் காலை முதல் ஜெயரூபி அக்கா இந்தப் பொலிஸ் நிலைய வாங்கில் இருத்தி வைக்கப்பட்டிருக்கிறார்.

கணினிகளை அணைக்கக்கூடாது என்ற அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்ததா என்று இதை எழுதும் பொலிஸ் அலுவலர் கேட்டார். ஒட்டப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. வந்தவர்கள் பார்க்கட்டும் என்று நான்தான் ஒட்டினேன். தினமும் அந்த அறைகளைக் கூட்டுபவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

இதைச் சொல்வதால் எனது ஆய்வுக்கு என்ன ஆகும் என்றும் கேட்டார். கட்டுரையை மீளப் பெறுவதாக நேற்றிரவே எழுதி அனுப்பிவிட்டேன். மின்தடை, மென்பொருள் பிழை, எலி வயரைக் கடிப்பது வரை, கணினிகள் நிற்கக்கூடிய காரணங்களை அதில் பட்டியலிட்டு எழுதி வைத்திருந்தேன். இடிக்குப் பிளக் கழற்றுவது அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு விடயத்தை நேரப்படி சொல்லாமல் விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை முதல் இடி கேட்டதும், மேடைக்கு ஏறுவதற்கு முன், மூன்று பத்துக்கு விசுவமடுவிலிருக்கும் எனது தாயார் பத்மாசனிக்குக் கைபேசியில் எடுத்தேன். “அம்மா, இடி முழங்குது, ரீவி பிளக்கைக் கழட்டி விடுங்கோ” என்றேன். அப்போதே கழற்றிவிட்டதாக அவர் சொன்னார். எனது கைபேசியில் அந்த அழைப்பு இருக்கிறது, பார்க்கலாம். அதன் பின்னர் மேடைக்குப் போய், மூன்றும் ஒன்றாக நிற்க வழியே இல்லை என்று சபைக்குச் சொன்னேன்.

அலுவலர் இதை எனக்கு வாசித்துக் காட்டினார். ஜெயரூபி ‘பழுதாக்கிய’ என்றிருந்த இடங்களில் ‘கழற்றிய’ என்று மாற்றும்படி கேட்டேன், மாற்றப்பட்டது. மற்றவை நான் சொன்னபடியே, உண்மையாக எழுதப்பட்டுள்ளன.

ஒப்பம்: ம. யதுர்ஷிகா