வாயால் சொன்னது போதாது

மழலைகளின் கூச்சலையே மங்கல இசையாக்கி இப்பள்ளியை நடத்திவரும் தலைவர் அம்மையார் அவர்களே! பேரப் பிள்ளைகளின் பையைச் சுமந்து சுமந்து தோள் சாய்ந்தும் அன்பு சாயாத பெரியோர்களே! இடுப்பில் ஒன்றும் விரலில் ஒன்றுமாக வந்து, எது எப்போது அழும் என்று அறியாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கதவோரமாக நின்று கைப்பேசியைப் பார்த்தபடி ஒரு காதை மட்டும் உள்ளே அனுப்பியிருக்கும் தந்தைமார்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடும்ப வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். இன்று உயிலைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள்.

என்ன ஐயா, மூன்றாம் வரிசையில் முணுமுணுக்கிறீர்கள்? "நல்லா இருக்கும்போது எதுக்கும்மா சாவுப் பேச்சு" என்றா? சொல்கிறேன், கேளுங்கள். உயில் எழுதியதால் இறந்துபோனவர் என்று என் அனுபவத்தில் ஒருவர்கூட இல்லை. எழுதாமல் இறந்தவர்களின் கோப்புகளை வைக்கத்தான் என் அலமாரியில் இடமில்லை!

உயில் என்றால் வீடும் நகையும் மட்டும்தானா? வயதானவர்களுக்கு மட்டும்தானா? இல்லை! நான் வென்ற ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மனைவி, கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். ஏழு வயதில் ஒரு மகள், இரண்டு வயதில் ஒரு மகன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மகளுக்குப் படிப்பு மேசை வாங்கப் புறப்பட்டார்கள் கணவனும் மனைவியும். ஈரச் சாலை. எதிரே ஒரு லாரி. இருவருமே திரும்பவில்லை.

அன்று மாலைக்குள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். தந்தையின் அண்ணன், தையல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். தாயின் தங்கை, மருத்துவமனையில் பிசியோதெரபி செய்பவர். துக்கம் தாங்காமல், மகளைப் பெரியப்பா தூக்கிக்கொண்டார். மகனைச் சித்தி தூக்கிக்கொண்டார். பத்து நாள் என்று தூக்கியவர்கள் பதினான்கு மாதம் இறக்கவில்லை. இருவரும் இரண்டு பிள்ளைகளையும் கேட்டார்கள். இருவரும் நீதிமன்றம் ஏறினார்கள்.

யார் கெட்டவர் என்று கேட்கிறீர்களா அம்மா? கெட்டவரே இல்லை! அதுதான் கொடுமை!

சித்தி கூண்டில் ஏறிச் சொன்னார்: "அக்கா என் கையப் பிடிச்சுச் சொன்னா. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா பிள்ளைங்க உன் பொறுப்புடின்னு."

பெரியப்பா ஏறிச் சொன்னார்: "தம்பி என்கிட்டதான் சொன்னான். அண்ணே, நீ இருக்கற தைரியத்துலதான் நான் நிம்மதியா இருக்கேன்னு."

இருவரில் பொய் சொன்னவர் யார்? ஒருவருமில்லை! மனைவி தன் தங்கையிடம் சொன்னார். கணவர் தன் அண்ணனிடம் சொன்னார். அந்த இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. காகிதத்திடமும் சொல்லவில்லை.

நீதிபதி தம் அறைக்குள் அந்தப் பெண்பிள்ளையை அழைத்தார். நானும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் ஓரமாக நின்றோம்.

"உனக்கு யார்கூட இருக்கணும்மா?" என்று மெல்லக் கேட்டார்.

அவள் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா எதுவும் எழுதி வைக்கலையா? வேலைக்குப் போகும்போது தினமும் ஃபிரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போவாங்களே. தம்பிக்கு எப்ப மருந்து, நான் என்ன சாப்பிடணும், எல்லாம் அதுல இருக்கும். நல்லாத் தேடிப் பாத்தீங்களா?"

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

தீர்ப்பு வந்தது. உடன்பிறந்தவர்களைப் பிரிக்கக்கூடாது, வீட்டில் கவனிக்க ஆளிருக்கும் பெரியப்பாவிடம் இருவரும் போகட்டும் என்றது. பெரியப்பாவின் வழக்கறிஞர் நான்தான். வென்றுவிட்டேன்!

வென்ற பிறகு நடந்ததைக் கேளுங்கள். பதினான்கு மாதத்தில் அந்தச் சின்னவன் சித்தியை "அம்மா" என்று அழைக்கப் பழகியிருந்தான். நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றான். ஒவ்வொரு விரலாகப் பிரித்தோம். "அம்மா, அம்மா" என்ற குரல் படிக்கட்டு முழுக்க இறங்கிப் போயிற்று.

பெரியப்பா என்னிடம் கேட்டார்: "மேடம், நாம ஜெயிச்சுட்டோமா?"

"ஆமா சார்."

"அப்புறம் ஏன் எல்லாரும் அழுதுட்டிருக்கோம்?"



அன்று வீட்டுக்குப் போனேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள். வழக்கறிஞரின் வீட்டில் உயில் உண்டா? கிடையாது! சிரியுங்கள், சிரிக்க வேண்டியதுதான். வேதியியல் ஆசிரியரான என் கணவரிடம் கேட்டேன்.

"நமக்கு ஏதாவது ஆச்சுன்னா பிள்ளைங்களை யார்கிட்ட விடறது?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எங்க அக்காகிட்டதான்."

"நான் என் தம்பின்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்!"

"உன் தம்பியா? அவன் செடிக்கே தண்ணி ஊத்த மாட்டானே!"

மணமாகிப் பதினோரு ஆண்டு. அதுவரை அந்தப் பேச்சே எழவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், அவருடைய அக்காவே என்று ஒத்துக்கொண்டோம். அந்த அக்காவிடமும் கேட்டோம். அவர் மனமுவந்து ஒப்புக்கொண்ட பிறகே அவர் பெயரை உயிலில் எழுதினோம். சொத்தில் பங்கில்லாத இருவரைச் சாட்சியாக வைத்துக் கையெழுத்திட்டோம். ஒரு பிற்பகலில் முடிந்தது. முடிந்ததும் வழக்கம்போலச் சாப்பிட்டோம்.

அந்தக் குடும்பம் என்னவாயிற்று? ஓராண்டு கழித்துப் பெரியப்பா என் அலுவலகத்துக்கு வந்தார்.

"எனக்கு ஒரு உயில் எழுதணும் மேடம். எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் ஏதாவது ஆனா, ரெண்டு பிள்ளைங்களும் அவங்க சித்திகிட்டதான் போகணும். யாரும் கோர்ட்டுக்கு வரக்கூடாது."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க. இப்பல்லாம் சனி, ஞாயிறு பிள்ளைங்க அங்கதான்."

எட்டிப் பார்த்தேன். சித்தியின் மடியில் சின்னவன் தூங்கிக்கொண்டிருந்தான். பெரியவள் பக்கத்தில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

பெற்றோர்களே! தடுப்பூசிக்கு நாள் குறிக்கிறீர்கள். பள்ளிக்கு இடம் பிடிக்கிறீர்கள். மழைக்கோட்டு அளவு பார்க்கிறீர்கள். உங்களுக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குத் தலைவாரி விடுவது யார்? காய்ச்சலில் கையைப் பிடித்திருப்பது யார்? அந்தப் பெயரை அந்நியர் தேடவேண்டுமா, நீங்கள் சொல்லவேண்டுமா? சட்டம் ஊருக்கு ஊர் மாறும். விவரத்தை வழக்கறிஞரிடம் கேளுங்கள். நீதிமன்றமே இறுதியில் முடிவு செய்தாலும், பெற்றவர் எழுதிய எழுத்தை அது எளிதில் தள்ளிவிடாது. ஆனால் அந்தப் பெயரை எந்தச் சட்டமும் உங்களுக்குச் சொல்லித்தராது. அதை நீங்கள் இருவரும்தான் பேசவேண்டும். இன்றே பேசுங்கள்! சண்டை வந்தால் வரட்டும்; உயிரோடு இருவரும் போடுகிற சண்டை தீர்ந்துவிடும்!

பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், அழுத குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே கேட்ட தாய்மார்க்கும், எப்போதோ கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்ட தந்தைமார்க்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.