பூஜை போட்ட கம்ப்யூட்டர்

கீபோர்ட்ல கைய வைக்காதீங்க அண்ணே. கொஞ்சம் நில்லுங்க, மொதல்ல ஒன்னு கேக்கணும். பாஸ் உங்ககிட்ட போன்ல என்ன சொன்னாரு?

ம். தெரியும். இங்க வேல பாக்குற கனகேஸ்வரி அக்கா கம்ப்யூட்டர வேணும்னே கெடுத்துட்டாங்கன்னுதானே? நீங்க பிரிக்பீல்ட்ஸ்லேருந்து கிள்ளான் வரைக்கும் வந்தது ரிப்பேர் பண்ணவா, இல்ல அவர் சொல்றதுக்குத் தலையாட்டவா? கோவிச்சுக்காதீங்க. உங்கள எனக்குத் தெரியாது, அதான் கேக்குறேன்.

நானா? இங்க கிராணி, ஆபீஸ்ல கணக்கு எழுதுற வேல. எஸ்.பி.எம். பரீட்ச எழுதி ஸ்கூல் முடிச்சுட்டு வந்தேன். ரிசல்ட்ட மட்டும் கேக்காதீங்க.

நேத்து காலையில அக்கா உக்காந்து கண்டெய்னர் நம்பர் அடிச்சாங்க. சி அடிச்சதும் புரோகிராமே செத்துப்போச்சு. டி அடிச்சா வெளிய தள்ளிட்டு பேர் என்னன்னு கேக்குது. பேர அடிச்சா ஏத்துக்க மாட்டேங்குது. நானும் அடிச்சுப் பாத்தேன், அதே கதிதான்.

பாஸ் நம்பல. அக்கா அடுத்த மாசம் போர்ட் பக்கம் வேற கம்பெனிக்குப் போறாங்க, அதான் கோவம். போற போக்குல அவ என்னமோ பண்ணிட்டா, போலீஸ்ல ரிப்போட் போடுறேன்னு லோரி டிரைவருங்க முன்னாலயே கத்துனாரு. அக்கா அழல. பேக்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. ரிப்போட் போட்டா அந்தப் புது கம்பெனி அவங்கள எடுக்குமா, நீங்களே சொல்லுங்க.

ஆமா, நானும் மொதல்ல அக்காவத்தான் சந்தேகப்பட்டேன். எதுக்குப் பொய் சொல்லணும்.

முந்தாநாள் ஆயுத பூஜ அண்ணே. லோரிக்கெல்லாம் நாங்க மால போட்டோம். கம்ப்யூட்டருக்கு நான்தான் பொட்டு வைப்பேன்னு பாஸே வந்தாரு. ஸ்கிரீன் எரிஞ்சாதான் களையா இருக்குமாம், ஆஃப் பண்ண விடல. கணக்குப் புக்குக்கு வைக்கிற மாதிரி கீபோர்டுக்கு நாலு மூலையிலயும் சந்தனம். கட்டவெரலால அமுக்கி அமுக்கி. கொஞ்சமாவா வச்சாரு? தோசைக்கு சட்னி வைக்கிற மாதிரி. அக்கா அன்னிக்கு லீவு லா. பூஜ போட்டத மறுநாள் வரைக்கும் யாரும் தொடக்கூடாது, தொடவும் இல்ல.

கீழ எடது மூலையப் பாருங்க. கண்ட்ரோல்னு போட்டிருக்கே, அந்த கீதான். மேல எழும்பல, தெரியுதா? உள்ள எறங்கி காஞ்சு இறுகிப்போச்சு. அது அமுங்கியே கெடந்தா, இந்தப் பழைய புரோகிராம்ல அடிக்கிற எழுத்தெல்லாம் ஆர்டராப் போகும். சி-ன்னா நிறுத்து, டி-ன்னா வெளிய போ. அப்படித்தானே?

பாஸுக்கு இது தெரியுமாவா? நல்லாவே தெரியும். இன்னிக்குக் காலையில அந்த கீய நகத்தால நோண்டிப் பாத்தாரு. மூஞ்சி மாறிப்போச்சு. நான் நிக்கிறதையும் பாத்துட்டாரு. துணி ஒன்னு எடுத்து என் கையில குடுத்து, கம்ப்யூட்டர்காரன் வர்றதுக்குள்ள ஈரம் பண்ணி நல்லா தொடச்சு வைன்னுட்டு பேங்குக்குப் போனாரு.

துணி அந்தா, நாற்காலி மேல கெடக்கு. இன்னும் நனைக்கல.